சுவரைத் தட்டினேன்

என் கணவருக்குத் துருக்கியில் ஹோட்டல் சமையல் வேலை. ஒரு லீவு நாளில் என்னையும் தன் கொழும்பு நண்பரையும் கப்படோக்கியாவுக்குக் கூட்டிப் போனார். எரிமலைச் சாம்பல் இறுகி, புற்றுப் புற்றாக நிற்கிற ஊர் அது. அந்தப் புற்றுகளைக் குடைந்து அந்தக் காலத்தில் சனம் குடியிருந்திருக்கிறது.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தோம். ஒற்றை அறை, மூலையில் அடுப்பு, மேலே கரி.

"அக்கரப்பத்தனையில நம்ம லயத்துக் காம்பிரா மாதிரியே இருக்குங்க!" என்றேன். தேயிலைத் தோட்டத்துக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள்தான் லயம்.

நண்பர் என் கணவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஹட்டன் டவுன் பஜாரில் தன் அப்பாவுக்குப் புடவைக்கடை என்று இந்த மனுஷன் அவரிடம் அளந்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

நண்பர் வெளியே போனதும் கன்னத்தில் அறை விழுந்தது. "நாயே, மானத்த வாங்கிட்டியே" என்று முடியைப் பிடித்துத் தலையைக் கல்லில் மோதினார்.

என் கை தானாகச் சுவரைத் தட்டியது. லயத்தில் புருஷன் அடித்தால் நடுச்சுவரைத் தட்டுவோம். அடுத்த காம்பிரா அக்கா விறகுக்கட்டையோடு வந்து நிற்பாள். அதற்கு மேல் எந்த ஆம்பிளையும் கை ஓங்கமாட்டான். இங்கே அந்தச் சாம்பல் கல் சத்தமே போடவில்லை. உள்ளங்கையில் பொடிதான் உதிர்ந்தது.

"தட்டுடி, நல்லா தட்டு. இங்க எவ வருவா?" அந்த ஆள் சிரித்தான்.

என் தோளில் தேத்தண்ணி பிளாஸ்க் தொங்கியது. கழற்றி, சிரித்த வாயிலேயே இறக்கினேன். பல்லும் ரத்தமும் தரையில் விழுந்தன.

எவ வருவா என்றானே, நான் வந்தேன்.