பொள்ளுற சாயாவும் என் வேலையும்

ஓட்டல் சப்ளையர் வேலையில் தேய்வது காலும் வேவது விரலும்தான் என்பதை, கிளாஸ் தூக்கிப் பிழைத்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுபதுகளில் மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குத் தெருவில், மணி அய்யர் ஓட்டலில் எனக்கு அந்த வேலை.

சூட்டில் மூன்று வகை

எங்கள் தெருவில் ‘சூடா’ என்றால் ஊதாமல் குடிக்கலாம். ‘நல்ல சூடா’ என்றால் ஊதிக் குடிக்க வேண்டும். ‘பொள்ளணும்’ என்றால் தொட்ட விரல் கொப்பளிக்க வேண்டும். மிளகுத் தரகர் ஹம்சா ராவுத்தருக்கு எப்போதும் மூன்றாவதுதான். கிளாஸ் காலியானால் பெஞ்சும் காலியாக வேண்டும் என்பது அய்யரின் சட்டம். ராவுத்தரோ ஒரு வாய்கூடக் குடிக்காமல், கிளாஸைத் தொட்டுப் பார்த்தே திருப்பி அனுப்புவார். அய்யர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். “இனி ஒரு சாயா திரும்பி வந்தா, நீயும் ஊருக்குத் திரும்பிப் போயிக்கோ.”

மாஸ்டரின் கைவைத்தியம்

சாயா அடிக்கும் வாசு மாஸ்டரிடம் முறையிட்டேன். அவர் காலி கிளாஸைக் கொதிக்கிற வெந்நீரில் முக்கியெடுத்து, ஆறத் தொடங்கிய பழைய சாயாவையே அதில் ஊற்றிக் கொடுத்தார். ராவுத்தர் தொட்டார், கையை உதறினார், முகம் மலர்ந்தார். பிறகு எதிரே இருந்த வியாபாரியோடு நெடுநேரம் விலை பேசிக் கச்சவடத்தை முடித்துவிட்டு, பச்சைத் தண்ணீராய் ஆறிப்போனதைக் குடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாஸ்டர் சிரித்தார். “அவருக்குச் சூடு விரலுக்குத்தாண்டா, தொண்டைக்கில்லே.”

சேட்டின் பாராட்டு

அடுத்த வாரமே தெரு முழுக்க ‘பொள்ளணும்’ என்றது. தமிழோ மலையாளமோ பிடிபடாத சேட் ஒருவர், எல்லாரும் ஆசையாய்ச் சொல்கிறார்களே, ‘பிரமாதம்’ என்று அர்த்தமாயிருக்கும் என எடுத்துக்கொண்டார். ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு என் முதுகில் தட்டினார். “பொள்ளுது தம்பி, ரொம்பப் பொள்ளுது.”

அய்யரின் விரல்

ஒரு நாள் ராவுத்தர் பெரிய புள்ளி ஒருவரோடு வரவே, பெருமைக்காக அய்யரே கிளாஸைத் தூக்கினார். பெஞ்சை எட்டியதும் “ஐயோ” என்று விட்டுவிட்டார். சாயா முழுதும் ராவுத்தர் மடியில். அவர் அலறுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தேன். ராவுத்தர் வேட்டியைத் தடவிப் பார்த்தார்; வெறும் வெதுவெதுப்பு. அய்யர் தன் விரலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வேலை போயிற்று என்று முடிவுகட்டி, தோள் துண்டைக் கழற்றினேன்.

ராவுத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவனை ஒண்ணும் சொல்லாதீங்க அய்யரே. சாயா ஆறட்டும்னு சொல்லித்தான் நான் உங்க பெஞ்சுல உக்காந்து கச்சவடம் பேசறேன். எனக்குக் கிளாஸ் பொள்ளினாப் போதும்.”

ஆக, அந்தத் தெருவில் ‘பொள்ளணும்’ என்பது இன்னும் கொஞ்சம் உட்கார இடம் கேட்கும் மரியாதையான சொல், அதற்கு வெந்தது மட்டும் என் விரல்.