பத்தரை மணித்தியாலம்

விமானம் பகல் ஒன்றரைக்கு. நானும் அப்பாவும் கட்டுநாயக்காவில் போய் இறங்கியபோது அதிகாலை நாலேகால்.

பிழை அப்பாவுடையதுதான். போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் எத்தனை இடத்தில் இறங்கி நடக்க வேண்டும், எத்தனை இடத்தில் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும் என்றெல்லாம் அவர் மனதுக்குள் ஒரு பழைய கணக்கு இருந்தது. அந்தக் கணக்கின்படி இரவு எட்டு மணிக்கு பஸ் ஏறினால் மறுநாள் மத்தியானம் போய்ச் சேரலாம். ஆனால் அன்று புனானைச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது ஒரே ஒரு நிமிடம். ஆமிக்காரன் ஒருவன் ஏறி, தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனான். அதற்குப் பிறகு யாரும் மறிக்கவில்லை. அப்பா மட்டும் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வழி முழுக்க விழித்திருந்தார்.

"என்ன மகள் இது, றோட்டு இப்பிடிச் சும்மா கிடக்கு," என்றார், இறங்கும்போது. அவருக்குச் சந்தோஷமா ஏமாற்றமா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் லண்டனில் இருந்த அக்காவிடம் போய்க்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் பதினொரு வருடத்துக்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. செங்கலடியில் நான் படிப்பித்த பாலர் பாடசாலையில் மூன்று மாத லீவு கேட்டு வாங்கியிருந்தேன். வழியில் வளைகுடா நாடொன்றில் இறங்கி வேறு விமானத்தில் ஏற வேண்டும். அந்த விமான நிலையத்தில்தான் என் கணவர் வேலை செய்தார். அவரைப் பார்த்து இரண்டு வருடம். டிக்கெட்டின்படி அங்கே நாலரை மணித்தியாலம் கிடைக்கும். விசா இல்லாததால் வெளியே போக முடியாது. ஆனால் அவருக்கு உள்ளே வர அனுமதி அட்டை உண்டு. அந்த நாலரை மணித்தியாலத்துக்காக நான் ஒரு மாதமாகத் தூங்கவில்லை என்றே சொல்லலாம்.

டிக்கெட் உள்ளவர்களை மட்டும்தான் கவுண்டர் பக்கம் விட்டார்கள். அப்பாவை வெளியே கதிரையில் இருத்திவிட்டு, சும்மா விசாரித்துப் பார்ப்போம் என்று உள்ளே போனேன். கவுண்டரில் ஒரு சிங்களப் பொடியன். என் டிக்கெட்டைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"மிஸ், உங்கட ஃப்ளைட் ஒன்றரைக்கு. இப்ப நாலரை," என்றான் தமிழில்.

"தெரியும். அப்பா கொஞ்சம் வெள்ளனக் கூட்டி வந்திட்டார்."

அவன் சிரித்துவிட்டான். கொம்பியூட்டரில் எதையோ தட்டினான். "காலையில ஏழரைக்கும் ஒண்டு போகுது. அதில இடம் இருக்கு. ஆனா அங்க போய்ப் பத்தரை மணித்தியாலம் காத்திருக்க வேணும். சரியான கஷ்டம். வேணாம், நீங்க பேசாம—"

"பத்தரையா?" என்றேன்.

"ஓம், பத்தரை."

"அதையே தாங்க."

அவன் நான் விளங்காமல் சொல்கிறேன் என்று நினைத்து, விரல்களைக் காட்டி மறுபடி சொன்னான். எல்லோரும் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துத் தரச் சொல்லித்தான் சண்டை பிடிப்பார்களாம். கூட்டித் தரச் சொல்லி யாரும் கேட்டதில்லையாம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்: "என்ர அவர் அங்கதான் வேலை செய்யிறார். பார்த்து ரெண்டு வருசம்."

அவன் எழுந்து உள்ளே போனான். மேலதிகாரியாக இருக்க வேண்டும், கண்ணாடி போட்ட ஒரு அம்மாவைக் கூட்டி வந்தான். இருவரும் சிங்களத்தில் கதைத்தார்கள். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். பொடியன் போர்டிங் பாஸை நீட்டினான். "ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறன். அவருக்கும் சொல்லுங்க, ஹலோ எண்டு."

வாசலுக்கு ஓடி வந்து அப்பாவிடம் சொன்னேன். ஒன்பது மணித்தியாலம் முந்தி வந்தது எவ்வளவு நல்லது என்று அவர் அந்த நொடியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "நான் சொன்னா ஆர் கேக்கிற? இப்ப பார்," என்றார். மருமகனுக்கு போன் எடுத்துச் சொல்வது தன் பொறுப்பு என்றார். பத்துத் தரம் எடுத்திருக்கிறார். பதிலில்லை. வேலை நேரத்தில் அவர்களுடைய போன்கள் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஆகவே நான் வருவது தெரியாமலே அவர் அங்கே இருந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாங்கேணிக்காரர், மீன்பிடிதான் தொழில். எங்கள் கல்யாணம் நடந்து ஒரு வருடத்தில் சுனாமி வந்தது. நாங்கள் இருவரும் அன்று செங்கலடியில் அம்மா வீட்டில் நின்றதால் பிழைத்தோம். திரும்பிப் போய்ப் பார்த்தால் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும். அவருடைய தோணி, கரையிலிருந்து தள்ளி ஒரு மரமுந்திரித் தோட்டத்தில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அவர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, அகதி முகாமுக்கு வந்து, அடுப்படியில் ஆள் போதாது என்று கேள்விப்பட்டு அகப்பையைக் கையில் எடுத்தார். பள்ளிக்கூடத்து வளவில் நாலு மாதம் முந்நூறு பேருக்குச் சமைத்தார். பிறகு புதுத் தோணி கிடைத்தது. அதில் ஒரு வருடம்கூட அவர் தொழிலுக்குப் போகவில்லை, ஷெல் விழத் தொடங்கி எல்லோரும் நடந்து செங்கலடிப் பக்கம் வந்தோம். அதற்குப் பிறகுதான் வெளிநாடு. "எயார்போர்ட்டில, பெரிய ஆக்கள் வந்து இருக்கிற இடத்தில, சாப்பாட்டுப் பகுதிக்கு நான்தான் பொறுப்பு," என்று போனில் சொல்லுவார். நான் அதை அப்படியே ஊருக்குச் சொல்லுவேன்.

அங்கே லவுஞ்ச் என்று ஒன்று உண்டு. காசுள்ளவர்களும் அடிக்கடி பறக்கிறவர்களும் இளைப்பாறும் கூடம். அங்கே வேலை செய்பவர்களுக்கு வருடத்துக்கு ஒரு விருந்தினர் பாஸ் கொடுப்பார்களாம். அவர் அதைப் பாவிக்காமல் வைத்திருந்து எனக்காக அனுப்பியிருந்தார். செங்கலடிச் சந்தியில் ஒரு கடையில் அதை அச்செடுத்துக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். "நாலு மணிக்கு நீ வா. நான் மூண்டுக்கு வேலை முடிச்சு உடுப்பு மாத்திப்போட்டு கேட்டடியில நிப்பன். நான்தான் உன்னை உள்ளுக்குக் கூட்டிப்போவன். தனியப் போகாத, என்ன?" என்று மூன்று தரம் சொல்லியிருந்தார். தனியே போக வேண்டாம் என்றதன் காரணம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

பத்து மணிக்கு இறங்கினேன். கேட்டடியில் அவர் இல்லை. அப்பா சொல்லியிருப்பார் என்ற நம்பிக்கையில் அரை மணித்தியாலம் நின்றேன். பிறகு பலகைகளை வாசித்துக்கொண்டு நடந்து, ஓடும் படியில் ஏறப் பயந்து ஒரு மலையாள அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி, கண்ணாடிக் கதவடிக்கு வந்துவிட்டேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் காகிதத்தைப் பார்த்து, நாலு மணித்தியாலம் இருக்கலாம் என்றாள். சரி என்றேன்.

உள்ளே மெத்தைக் கதிரைகள். கால் புதையும் விரிப்பு. சத்தமே இல்லை, இவ்வளவு பேர் இருந்தும் கரண்டிச் சத்தம் மட்டும்தான். ஒரு மூலையில் இருந்தேன். எதிரே ஒரு வெள்ளைக்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தூங்கினார். அவர் மேசையில் கிடந்த கோப்பைகளை ஒருவர் குனிந்து தட்டில் அடுக்கினார். பிறகு ஈரத்துணியால் மேசையைத் துடைத்தார். கறுப்பு ஏப்ரன். கழுத்தில் கட்டிய சின்னப் பட்டி. முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வலை இழுக்கிறவர்களின் முதுகு அது; ஒரு தோள் மற்றதைவிடக் கொஞ்சம் பதிந்திருக்கும்.

திரும்பினார். என்னைக் கண்டார்.

தட்டு சாயவில்லை. அது மட்டும் எனக்கு இன்றும் பெருமை. ஆனால் அவருடைய முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். முதலில் நம்பவில்லை. பிறகு கண் நிறையச் சிரிப்பு. அடுத்த கணமே ஏப்ரனைக் குனிந்து பார்த்தார். சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. தூரத்தில் அவருடைய மேற்பார்வையாளர், ஒரு பிலிப்பீன்ஸ்காரப் பெண், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் நேரே என்னிடம் வந்து ஆங்கிலத்தில், "மேடம், டீயா கோப்பியா?" என்றார்.

"டீ," என்றேன் நான். வேறென்ன சொல்ல?

டீயை வைக்கும்போது உதடு அசையாமல் கேட்டார்: "நீ எப்பிடிப் புள்ள இப்ப வந்த?"

"அப்பாவால."

போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி டீ. "நான் பொய் சொன்னதெண்டு நினைக்கிறியா?" அடுத்த டீ: "பொறுப்பெல்லாம் இல்ல கா. கோப்பை எடுக்கிறதுதான் வேலை. மேசை துடைக்கிற. அதான் தனிய வராத எண்ட நான்."

அந்த மூன்றாவது கோப்பையை வைத்த கையை மேசையோடு சேர்த்துப் பிடித்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று நான் பார்க்கவில்லை. "முகாமில முந்நூறு பேரின்ர சட்டி கழுவின ஆள் நீங்க. அப்ப நான் வெக்கப்பட்டனா? இப்ப ஏன் வெக்கப்பட?" என்றேன்.  அவர் கையை எடுக்கவில்லை.

நாலாவது டீயோடு மேற்பார்வையாளரும் சேர்ந்து வந்துவிட்டாள். இந்த மேசைக்கு மட்டும் ஏன் இத்தனை டீ போகிறது, இந்த அம்மாவுக்கு ஏதும் முறைப்பாடு உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் நேராக நின்று, "இவ என்ர மனிசி," என்றார். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்.

அவள் வாயில் கையை வைத்தாள். அவரைத் திட்டத் தொடங்கினாள். திட்டுதான் அது, ஆனால் எனக்குக் கேட்கக் கேட்க இனித்தது. ஏன் முதலே சொல்லவில்லை, தன் புருஷன் மணிலாவில் இருக்கிறான், தான் பார்த்து ஒன்றரை வருடம், இப்படி ஒரு நாள் அவன் இந்தக் கதவால் வந்தால் தான் கோப்பை தூக்கிக்கொண்டு திரிவாளா என்றெல்லாம் கேட்டாள். கேட்டுக்கொண்டே அவருடைய ஏப்ரன் முடிச்சைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். இடைவேளை ஒரு மணித்தியாலம் என்றாள். வழமையாக அரை மணிதான். "இரு," என்று கதிரையைக் காட்டினாள். அவர் இருக்க மாட்டேன் என்றார். இரண்டு வருடமாகத் துடைத்த கதிரை, ஒரு நாளும் இருந்ததில்லையாம். அவள் தோளைப் பிடித்து அழுத்தி இருத்தினாள்.

பிறகு குசினிக்குள் செய்தி போய்விட்டது. நேபாளத்துச் சமையல்காரர் தொப்பியோடு வெளியே வந்து கும்பிட்டார். தட்டுத் தட்டாக வந்தது. எனக்கு எதுவும் பெயர் தெரியாது. "அந்த வெள்ளையத் தொடாத, புளிக்கும். இது கத்தரிக்காய்தான், சுட்டு மசிச்சிரிக்கு. இந்த இனிப்பைத் தின், மறுகா மற்றதைப் பாப்பம்," என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கைப்பையைத் திறந்து, அக்காவுக்கும் அவருக்குமாகப் பிரித்துக் கட்டியிருந்த இறால் பொரியலில் அவருடைய பங்கை எடுத்தேன். வாவி இறால், தூள் கூடப் போட்டு மொறுமொறுவென்று பொரித்தது. மூடியைத் திறந்ததும் அந்த வாசமில்லாத கூடம் முழுக்க வாசம். தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் எழுந்து உட்கார்ந்து எங்கள் பக்கம் பார்த்தார். என் கணவர் இரண்டு எடுத்துக் கடதாசியில் வைத்து அவருக்குக் கொடுத்தார். மேற்பார்வையாளர் ஒன்று கேட்டு வாங்கி, கண்ணில் நீர் வரத் தின்று, இன்னொன்று கேட்டாள்.

என் நாலு மணித்தியாலம் இரண்டரைக்கு முடிந்தது. வரவேற்புப் பெண் வந்து சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு அவர் உடுப்பு மாற்றிக்கொண்டு, நான் முன்பு பார்த்திராத ஒரு நீலச் சட்டையோடு வந்தார். அந்தச் சட்டையில்தான் கேட்டடியில் நிற்க நினைத்திருந்தாராம். இஸ்திரி போட்டு மூன்று நாளாம்.

மீதி ஐந்தரை மணித்தியாலமும் நடந்தோம். அந்தக் கட்டடம் அவ்வளவு நீளம். ஓடும் படியில் என்னைக் கூட்டிக்கொண்டு மேலே போனார், கீழே வந்தார், பயம் போகும்வரை. தரை தானாக ஓடும் ஓரிடத்தில் இருவரும் சும்மா நின்றுகொண்டே எத்தனையோ தரம் போய் வந்தோம். என்ன கதைத்தோம்? மாங்கேணியில் கொடுக்கும் வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயர் இருக்கிறதா, அம்மாவின் முழங்கால், அவருடைய அறையில் குறட்டை விடும் வங்காளி. முக்கியமானது ஒன்றும் இல்லை. போனில் ஐந்து நிமிடத்துக்குள் முக்கியமானதை மட்டும் கதைத்துக் கதைத்து, முக்கியமில்லாததைக் கதைக்க எவ்வளவு ஆசைப்பட்டிருந்தோம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு இடத்தில் திடீரென்று நின்று, "இன்னும் ஒரு வருசம். மறுகா நான் ஊரிலதான். சமைக்கத் தெரியும், பிழைச்சுக்கொள்ளலாம்," என்றார்.

கேட்டில் ஆட்களை ஏற்றத் தொடங்கியதும் நாங்கள் கடைசி ஆளுக்கும் பின்னால் நின்றோம். அவருடைய அட்டைக்கு விமானக் கதவுவரை வர முடிந்தது. அழுவேன் என்று நினைத்திருந்தேன். சிரித்துக்கொண்டுதான் ஏறினேன். கையிலே அவர் திணித்துவிட்ட இனிப்புப் பெட்டி.

லண்டனில் அக்கா வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அப்பா போன் எடுத்தவர். பத்தரை மணித்தியாலம் வழியில கிடந்தியாமே, களைச்சுப்போயிருப்பாய்," என்றாள்.

"காணாதக்கா, இன்னும் கொஞ்சம் கிடைச்சிருக்கலாம்," என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முதலில் போய்ப் படு என்றாள். நான் காரில் ஏறியதும் முழுக்கதையையும் சொல்லத் தொடங்கினேன். வீடு வந்தும் முடியவில்லை. அவளும் அத்தானும் காருக்குள்ளேயே இருந்து மீதியைக் கேட்டார்கள்.

ஒரு வருடம் என்றவர் ஒன்றரை வருடத்தில் வந்தார். இப்போது களுதாவளைப் பக்கம், செங்கலடிப் பக்கம் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறார். சுட்ட கத்தரிக்காயை மசித்து அவர் செய்யும் ஒரு கறிக்கு ஊரில் யாருக்கும் பெயர் தெரியாது. கேட்டால், "எயார்போர்ட் கறி" என்பார்.