தேடி சொன்ன ‘இல்லை’

தேடித் தருவது தொழிலானால், கிடைக்காததைவிடக் கிடைத்துக் குவிவதுதான் பெரிய தொல்லை. பீரோவைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று விழித்து நின்றவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு சிமெண்ட் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். ஜெபா முதலாளி. முருகேசன் புரோகிராமர். அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்ந்த நான், சோதித்துப் பார்ப்பவள். இப்போது புரோகிராமைத் திருத்துவது ஏஐ ஏஜெண்ட். அதற்கு எல்லாம் தெரியும். எந்த வரி எந்த ஃபைலில் கிடக்கிறது என்பது மட்டும் தெரியாது. அதைத் தேடிக் கொடுக்க ஜெபா ஒரு கருவி செய்தாள். பெயரும் ‘தேடி’ என்றே வைத்தாள்.

தேடிக்கு ஒரே வாடிக்கையாளர், பந்தல்குடியில் கொத்தமல்லியும் உளுந்தும் வாங்கி லாரியில் அனுப்பும் அண்ணாச்சி. அவர் வேண்டாம் என்றால், படுக்கையில் கிடக்கும் அப்பாவை விட்டுவிட்டு ஜெபா பெங்களூருக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான்.

புளியமரங்கள்

முதல் சோதனையில், அண்ணாச்சியின் புரோகிராமில் லாரிக்கு லோடு ஏற்றும் பகுதி எங்கே என்று ஏஜெண்ட் கேட்டது. தேடியோ, ‘லோடு’ என்ற சொல் வருகிற அத்தனை வரியையும் அள்ளிக் கொட்டியது. பழைய பில், பிரதி எடுத்து வைத்த ஃபைல், என்றைக்கோ கைவிட்ட பக்கம் எதையும் விடவில்லை. அவ்வளவையும் படித்து முடித்த ஏஜெண்ட், தன்னிடம் என்ன வேலை சொன்னார்கள் என்று எங்களையே கேட்டது.

முருகேசன் நாற்காலியை என் பக்கம் திருப்பினான். “மேடம், பந்தல்குடிக்கு வழி கேட்டா, ரோட்டுல நிக்கிற புளியமரம் பூராத்தையும் காட்டுதே உங்க தேடி!”

அன்று மாலையே ஜெபா ஒரு விதி சேர்த்தாள். ‘பழசு’ என்று பெயரிட்ட ஃபைல் பெட்டிகளுக்குள் தேடி இனி நுழையாது. பதில் சுருங்கியது. எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி.

பூட்டிய கேட்

அண்ணாச்சி குடோனை மாற்றினார். பெட்ரோல் பங்குக்கு எதிரே இருந்தது, ஊருக்கு வெளியே போயிற்று. புரோகிராமில் முகவரியை மாற்றும் வேலை ஏஜெண்டுக்கு வந்தது. கண்ட இடமெல்லாம் மாற்றிவிட்டு, பழைய முகவரி இன்னும் எங்காவது இருக்கிறதா என்று தேடியைக் கேட்டது. தேடி ஒரே சொல்லில் ‘இல்லை’ என்றது. வேலை முடிந்தது என்று ஏஜெண்ட் எழுதியது. அந்த எழுத்தில்தான் எத்தனை நிம்மதி! மனிதர்கள் அப்படி எழுதி நான் படித்ததில்லை.

மறுநாள் விவசாயிகளின் போனுக்கு, மூட்டை கொண்டுவரச் சொல்லிக் குறுஞ்செய்தி போனது. உச்சி வெயிலில், பரளச்சியிலிருந்து மூட்டையோடு வந்த ஒரு பெண், செய்தியில் இருந்த நம்பரைப் பார்த்து எங்கள் ஆபீஸுக்குக் கூப்பிட்டாள். “ஏந்தாயி, ‘பங்குக்கு எதிரே உள்ள குடோன்’னுதானே போனுல போட்டிருக்கு? கேட்டு பூட்டிக் கெடக்கு. மூட்டையும் நானும் வெயில்ல காயுறோம். வரச்சொன்னவுக எங்க போனாக?”

பழசு

அடுத்துக் கூப்பிட்டது அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை அடுத்த செய்தி போகும், அதிலும் தப்பு வந்தால் தேடியும் வேண்டாம் ஏஜெண்டும் வேண்டாம் என்றார். ஏஜெண்ட் மறுபடி கேட்டது; தேடி மறுபடி ‘இல்லை’ என்றது. ஜெபா மடிக்கணினியை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கீழே சிமெண்ட் மூட்டை இறக்கும் ஓசை ஒரே தாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

பரளச்சிக்காரி படித்துக் காட்டிய சொற்கள் எனக்கு நினைவிருந்தன. அப்படியே தேடியில் அடித்துப் பார்த்தேன். ‘இல்லை’ என்றது. ஒரு பெண்ணின் கைக்குப் போய்ச் சேர்ந்த வாசகம், புறப்பட்ட இடத்தில் எப்படி இல்லாமல் போகும்? “செய்தி அனுப்புறது எந்தப் பெட்டியில இருக்கு, முருகேசா?” என்று கேட்டேன்.

அவன் முகம் மாறியது. “புதுசா எழுதப்போறோமேன்னு, ஓடிக்கிட்டிருந்ததுக்கு ‘பழசு’ன்னு பேர் வச்சேன் மேடம். புதுச இன்னும் எழுதல. பழசுதான் ஓடுது.”

வெள்ளிக்கிழமை

வாசகத்தைத் திருத்த அதிக நேரம் ஆகவில்லை. தேடியைத் திருத்துவதில்தான் சண்டை. எல்லாப் பெட்டியையும் திறந்துவிட்டால் மறுபடி புளியமரங்கள் வரும் என்றான் முருகேசன். கடைசியில் ஜெபா ஒரு வழி சொன்னாள். பழசுக்குள் நுழைய வேண்டாம். ஆனால் ‘இல்லை’ என்று சொல்லும்போது, நுழையாத பெட்டிகள் எவை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அதைப் பார்த்து, திறப்பதா வேண்டாமா என்று ஏஜெண்ட் முடிவு செய்யும்.

வெள்ளிக்கிழமை மூட்டைகள் புதுக் குடோனுக்கே போய் இறங்கின. சாயங்காலம் அண்ணாச்சி மாடியேறி வந்தார். நடந்ததை ஜெபா மறைக்காமல் சொன்னாள். மூச்சு வாங்கக் கேட்டவர், வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார். “இருக்கட்டும், உங்க தேடியே ஓடட்டும். இல்லன்னு சொன்னா தாங்கிக்கிருவேன் தாயி. பாக்காமலே இல்லங்காதீக!”

ஜெபா பெங்களூருக்குப் போகவில்லை. நானோ, வீட்டுக்குப் போகிற பாலவனத்தம் பஸ் வரவில்லை என்று இப்போதெல்லாம் சொல்வதில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் வரவில்லை என்றுதான் சொல்கிறேன்.