கசோண்டே மாமாவின் இருமல்

கோழியின் இரைப்பை தட்டுக்கு வந்ததும் முகுகா அதைச் சோளக்களிக்குள் புதைத்து வைத்துவிடுகிறார். கீரை தீரும், குழம்பு தீரும், கடைசிக் களியுருண்டையோடு அது வெளியே வரும். கண்ணை மூடி நிதானமாக மெல்லுவார். எங்கள் தாமிரச் சுரங்க நகரம் கித்வேயில் எந்த வீட்டில் கோழி அடித்தாலும் இரைப்பை குடும்பத்தின் மூத்த ஆணுக்குத்தான் போகும். வேறு யாராவது கை வைத்தால் அன்றைக்குச் சாப்பாடு சண்டையில் முடியும். முகுகா பெண். ஐம்பதைத் தாண்டியவர், மூன்று பிள்ளை பெற்றவர். ஆனாலும் இரைப்பை அவருக்கு. நரைத்த தாடிக்காரர்கள் அவர் முன்னால் குனிந்து, கைகளை மெல்லத் தட்டி, "மாமா, நல்லாருக்கீங்களா?" என்று கேட்கிறார்கள்.

"இருக்கேன்டா. உன் பொண்டாட்டி இன்னும் உன்ன வெரட்டலயா?" என்று மாமாவும் விசாரிப்பார்.

முகுகாவின் தாய்மாமன் கசோண்டே, 'ஃபர்னஸ் ஃபைவ்' என்ற ராக் குழுவில் கிதார் வாசித்துப் பாடியவர். எழுபதுகளில் சுரங்க நகரங்களின் மதுக்கூடங்கள் அவர் கிதாருக்குக் குலுங்கின. பிறகு உலகச் சந்தையில் தாமிரத்தின் விலை விழுந்தது. எங்கோ குளிரூட்டிய அறையில் யாரோ போட்ட கணக்குக்கு இங்கே சம்பளம் நின்றது, இசைக்குழுக்கள் கலைந்தன, மருத்துவமனைகளில் மருந்து தீர்ந்தது. அந்த ஓட்டை வழியாக எய்ட்ஸ் நுழைந்தது. அதற்கான மாத்திரை பணக்கார நாடுகளுக்கு முதலில் போயிற்று. எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் ஒரு தலைமுறை மண்ணுக்குள் போய்விட்டது. கசோண்டேயும் போய்விட்டார்.

இங்கே ஒருவர் இறந்தால் அவர் பெயரை அநாதையாக விடமாட்டார்கள். உடன்பிறந்தவளின் பிள்ளைகளில் ஒருவரை உட்காரவைத்து, கையில் வெள்ளை மணிச்சரம் கட்டி, ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்தவருக்கு அந்தப் பெயர் வந்துவிடும். அன்று முதல் உறவுக்காரர்களுக்கு அவர்தான் இறந்த மனிதர். ஆணின் பெயர் ஆணுக்குப் போவதுதான் வழக்கம். கசோண்டேயின் மணிச்சரம் முதலில் மூத்த மருமகன் கங்வாவிடம்தான் நீட்டப்பட்டது. முகுகாவுக்குப் பெரியம்மா மகன். இன்று ஒரு சபையின் போதகர். அவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த மருமகன் வயிற்றுவலி என்றான். அதற்கடுத்தவன் கழிப்பறைக்குப் போனான், திரும்பவில்லை. பெயரோடு நோயும் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். மணிச்சரத்தில் எப்படி நோய் ஒட்டும் என்று கேட்கும் அளவுக்குப் படித்தவர்கள் அந்த முற்றத்தில் இருந்தார்கள். கேட்க வாய் வரவில்லை. பத்தொன்பது வயது முகுகா எழுந்து வந்து கையை நீட்டினார்.

அதைப் பற்றி யாராவது வியந்து பேசினால் அவருக்குப் பிடிக்காது. "எல்லாரும் பாம்பப் பாத்த மாதிரி அந்தக் கோப்பையப் பாத்தாங்க. எனக்குத் தாகமா இருந்துச்சு. குடிச்சேன். விடு."

ஆவி ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குக் குடிபெயர்கிறது என்ற கதையில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. முகுகாவிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "எனக்கு மட்டும் இருக்கா? ஆவி வந்திருந்தா கிதாரும் வந்திருக்கணுமே. எனக்கு ஒரு தாலாட்டுகூட ஒழுங்கா வராது. என் புள்ளைங்க நான் பாடினா முழிச்சுக்கும்" என்றார்.

சிசோகோனே சந்தையில் அவர் விற்பது கோட்டு. வெள்ளைக்காரர்கள் உடுத்திக் கழித்த துணிகள் இறுகக் கட்டிய பொதிகளாக வந்து இறங்கும். சலாவுலா என்று பெயர். மற்றவர்கள் சட்டை, பாவாடை என்று போட்டிபோட, குளிர் இரண்டு மாதம் முழுசாக நிற்காத ஊரில் இவர் கோட்டுப் பொதியைத்தான் எடுப்பார். என்னிடமே இரண்டு விற்றிருக்கிறார். பொதியை அவிழ்த்ததும் முதலில் பைகளைத் துழாவுவார். டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள், கசங்கிய கைக்குட்டை. பிறகு ஒவ்வொரு கோட்டையும் கம்பியில் தொங்கவிட்டு, உள்ளங்கையால் அதன் முதுகை மேலிருந்து கீழாகத் தடவிக் கொடுப்பார். ஓட்டை, பூச்சி அரித்த இடம் எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். "முன்னாடி பட்டன் பளபளங்கும். அதுல ஏமாறாத. முதுகப் பாரு" என்பது அவருடைய வியாபார வாக்கு. மனிதர்களுக்கும் அதையே சொல்வார்.

சென்ற ஆண்டு பக்கத்து நகரமான ந்டோலாவில் ஒரு பழைய ஒலிப்பதிவுக் கூடத்தை இடித்தார்கள். பரணிலிருந்து கசோண்டேயின் ஒலிநாடாக்கள் கிடைத்தன. பாதிக்கு மேல் யாரும் கேட்காத பாடல்கள். ஜெர்மனியில் இதுபோன்றவற்றைத் தேடியெடுத்து இசைத்தட்டாக வெளியிடும் ஒரு சின்ன நிறுவனம் இருக்கிறது. அவர்கள் முகுகாவின் எண்ணைக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் அழைத்தார்கள். அப்போது அவர் ஒரு பொதியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"கசோண்டேயோட குடும்பமா?"

"கசோண்டேதான் பேசறேன்."

"மன்னிக்கணும், அவர் இறந்துட்டார்னு சொன்னாங்களே?"

"ஆமா, செத்துட்டேன். நீங்க விஷயத்தச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு வெகுநாள் பேச்சுமூச்சில்லை. யாரோ ஏமாற்றுக்காரி என்று ஜெர்மனியில் முடிவுகட்டிவிட்டார்களாம். பக்கத்துக் கடை பெட்ரோனெலா இதைச் சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். "உன் பேச்சக் கேட்டு பயந்து ஓடிட்டான் மாமா. அடுத்த தடவ உயிரோட இருக்கேன்னு ஒரு பொய் சொல்லேன்."

கடைசியில் அந்த நிறுவனத்திலிருந்து ஹென்னிங் என்ற இளைஞன் நேரில் வந்தான். கூச்ச சுபாவம். ஃபர்னஸ் ஃபைவ் பாடல்கள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். போதகர் கங்வா வீட்டில் விருந்து. நானும் இருந்தேன். களி, கீரை, கோழி. கங்வாவின் மனைவி வழக்கம்போல இரைப்பையை முகுகாவின் தட்டில் வைத்தாள். கைகழுவிய ஈரம் காயும் முன்பே கங்வா தொண்டையைச் செருமினார்.

"மத்த பாட்டெல்லாம் வெளியிடுங்க, எங்களுக்குப் பெருமைதான். அந்தக் கடைசிப் பாட்டு மட்டும் வேணாம்."

கடைசிப் பாட்டு கசோண்டே படுக்கையில் விழுவதற்குச் சற்று முன் பதிவானது. ஊரே அந்த நோயை 'மெலிய வைக்கும் நோய்' என்று கிசுகிசுத்த நாளில், அவர் அதன் பெயரைச் சொல்லிப் பாடியிருக்கிறார். எனக்கு வந்திருப்பது எய்ட்ஸ், இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லும்போது என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று போகிறது பாட்டு. குடும்பத்துக்குச் சம்மதமில்லை என்றால் அதை விட்டுவிடலாம் என்று ஹென்னிங் மெதுவாகச் சொன்னான்.

"பாத்தியா? தம்பிக்கே புரியுது" என்றார் கங்வா. "செத்தவரு நிம்மதியா இருக்கட்டும். எதுக்கு அவரு மானத்த வாங்கணும்?"

"யாரு செத்தது?" என்றார் முகுகா. "நான் இங்கதான உக்காந்திருக்கேன்?"

"முகுகா, வெளையாடாத."

முகுகா தன் களிக்குள் விரலை விட்டு இரைப்பையைத் தோண்டி எடுத்தார். எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார்.

"இத யாருக்கு வச்சீங்க? முகுகாவுக்கா? அவளுக்கு எதுக்கு இரைப்பை? இத்தன வருஷமா எனக்கு முன்னாடி குனிஞ்சு கைதட்டினியே, அது யாருக்கு? உன் பொண்ணு கல்யாணத்துக்கு என்கிட்ட வந்து உத்தரவு கேட்டியே, அது யாருகிட்ட?"

கங்வா உருட்டிய களியைத் தட்டிலேயே வைத்தார்.

"இரைப்பை மாமாவுக்கு, பாட்டு மட்டும் பொணத்துக்கா? நான் கசோண்டே. அது என் பாட்டு. எனக்கு வந்த நோவு. நான் வெட்கப்படல. நீ எதுக்குடா மருமகனே வெட்கப்படற?"

வழக்கங்களில் பெரும்பாலானவை பலமுள்ளவன் கையில் இருக்கும் தடி. அந்தத் தடியைப் பிடுங்கி நியாயத்தின் பக்கம் ஒருத்தி நட்டு வைத்ததை அன்று பார்த்தேன். கங்வா குனிந்து, கைகளை மெல்லத் தட்டினார். பிறகு, "சரி மாமா" என்றார். எல்லோருக்கும் கேட்டது.

முகுகா இரைப்பையைத் திரும்பக் களிக்குள் புதைத்துவிட்டு, "இப்ப அந்தப் பாட்டப் போடு தம்பி" என்றார்.

ஹென்னிங் மடிக்கணினியில் போட்டான். கீறல், இரைச்சல் எதுவும் இல்லாமல் பளிங்குபோல வந்தது. நடுவில் கசோண்டேவுக்கு ஒரு நீண்ட இருமல் வந்ததாகவும், அதைத் தடம் தெரியாமல் நீக்கிவிட்டதாகவும் அவன் பெருமையோடு சொன்னான்.

முகுகாவின் முகம் சுருங்கியது. "அப்ப என் கை எங்க?"

ஹென்னிங்குக்குப் புரியவில்லை. அந்த ஒலிப்பதிவுக்குக் கசோண்டேயோடு பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்துபோக வீட்டில் யாரும் முன்வரவில்லை. முகுகாதான் போனார். பாதிப் பாட்டில் இருமல் வந்தபோது ஓடிப்போய் மாமனின் முதுகைத் தடவிக் கொடுத்தது அவர்தான். சட்டைமேல் உள்ளங்கை உரசும் ஓசை நாடாவில் இருந்தது. அதற்குப் பிறகுதான் கசோண்டே சிரித்துவிட்டு மிச்சப் பாட்டைப் பாடி முடித்தார்.

"இருமல வெட்டும்போது என்னையும் சேத்து வெட்டிட்ட" என்றார் முகுகா. "உங்க ஊர்க்காரங்க மூக்கு சிந்துன துணியக்கூட கோட்டுப் பையில வச்சு எங்களுக்கு அனுப்பறாங்க. நான் அதத் தூக்கிப் போட்டுட்டு கோட்ட விக்கிறேன். எங்க இருமல் உங்களுக்கு ஆவாதா?"

ஹென்னிங்கின் காது சிவந்துவிட்டது. அப்படியே திரும்பச் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்தான். சேர்த்தும் விட்டான். இசைத்தட்டின் அட்டைக்கு முகுகாவின் படம் வேண்டும் என்று கேட்டபோது மட்டும் அவர் மறுத்தார். "பழைய கசோண்டே படத்தப் போடு. அவன் என்னவிட அழகு."

இசைத்தட்டு சந்தைக்கு வந்து சேர்ந்த மதியம், பெட்ரோனெலா எங்கிருந்தோ ஒரு ரெக்கார்டு பிளேயரும் மதுக்கூடத்து ஒலிபெருக்கி இரண்டும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். கிதார் எழும்பியதும் தக்காளிக்காரிகள் ஆடினார்கள். மினிபஸ் நடத்துநர்கள் ஆட்களைக் கூப்பிடுவதை மறந்து நின்றார்கள். கங்வாவும் வந்திருந்தார். செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். கடைசிப் பாட்டு வந்தது. கசோண்டே நோயின் பெயரைச் சொன்னார், தன் பெயரைச் சொன்னார். ஆடியவர்கள் நின்றுவிட்டார்கள்.

"எங்க மாமா பாடறாரு" என்றார் கங்வா, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம், சத்தமாக.

முகுகா அப்போது புதிதாக அவிழ்த்த பொதியிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டை எடுத்துக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்த தலை, இறுகிய தாடை. ஒலிபெருக்கியில் இருமல் தொடங்கியது. சந்தையே கேட்க, மார்பைப் பிளக்கும் இருமல். முகுகாவின் வலது கை உயர்ந்து, அந்தக் கோட்டின் முதுகில் படிந்து, மேலிருந்து கீழாக, மேலிருந்து கீழாக, இருமல் அடங்கி உள்ளே கசோண்டே சிரிக்கும்வரை தடவிக் கொடுத்தது.