தென்னை மட்டை விழுந்த காலை

முப்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் கல்கத்தாவில், டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரம்மாள். வங்காளிகள் வழக்கப்படி அவரை மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுவேன். கணவரை இழந்தவர், ஒரே பிள்ளை. என் கணவர் கிளைவ் தெருவில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஆனால் மனசு முழுக்க ஆகாயத்தில். ஊருக்கு வடக்கே டம்டமில் ஒரு பறக்கும் கிளப்பில் சேர்ந்து, லீவு நாட்களில் ஏரோப்ளேன் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து மாஷிமாவின் பிள்ளையும் சேர்ந்துவிட்டான்.

இவருக்கு இன்னும் ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி. தேறிவிட்டால் தபால் விமானத்தில் வேலை தருவதாக ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பைலட் பெண்டாட்டி என்றால் சும்மாவா!

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரு தரம் நம்மாத்து மேலே பறந்து வாருங்கள், மொட்டை மாடியில் நின்று பார்க்கிறேன் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். தனியாகப் பறக்கும் மாணவர்கள் மைதானத்தைச் சுற்றித்தான் பறக்க வேண்டும், தாழ வரவே கூடாது என்பது கிளப்பின் கண்டிப்பான விதி. இவரும் முடியாது, முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்டாட்டி நச்சரிப்புக்கு எத்தனை நாள் ஈடு கொடுப்பார்?

மார்கழி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே தெற்கு நோக்கி ஒரு விமானம் வந்தது. இவர்தான்! ஈரப் புடவையையே வீசிக் காட்டினேன். என்னைப் பார்ப்பதற்காக இன்னும் தாழ வந்தார். வீட்டுக்குப் பக்கத்துக் குளக்கரையில் இருந்த தென்னையின் தலையில் இறக்கை உரசியது. ஒரு மட்டை பிய்த்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. விமானம் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கை தட்டினேன்.

பகல் சாப்பாட்டு வேளைக்கு வீடு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. இலையில் உட்கார்ந்தவர் சாதத்தைத் தொடவில்லை. மெதுவாகச் சொன்னார். டம்டமில் இறங்கியதும் இறக்கையைப் பார்த்தாராம். துணி கிழியவில்லை, பச்சைக் கறை மட்டும் இருந்தது. அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார். அந்தக் காலத்து விமானத்தின் இறக்கை மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. உள்ளே சட்டம் எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

"சாயந்தரம் அதே விமானத்தை யார் எடுக்கப் போறா தெரியுமோ?" என்றார்.

எனக்குத் தெரியும். கீழே மாஷிமாவின் பிள்ளை, நேரமாகிறது, சீக்கிரம் சோறு போடு என்று அம்மாவை அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். அந்தக் குரல் மாடிக்கு நன்றாகக் கேட்டது.

அவனைப் போகாதே என்று தடுத்தால் வேறு ஒருவன் ஏறுவான். உண்மையைச் சொன்னால் இவருக்கு எல்லாம் போய்விடும். என் புத்தி குறுக்கே ஓடியது.

"ஏன்னா, ஏதோ பட்சி மோதிடுத்துன்னு சொல்லிடுங்கோளேன்."

"பட்சின்னா மேலாகப் பார்த்துட்டு அனுப்பிடுவா. மரத்துல பட்டதுன்னு சொன்னாத்தான் துணியைப் பிரிச்சு உள்ளே பார்ப்பா. மரம்னா, எந்த மரம், அங்கே ஏன் போனேன்னு கேட்பா." இலையை அப்படியே மூடினார். "நீ என்ன சொல்றே?"

அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். மாஷிமாவின் பிள்ளையோடு பேசிக்கொண்டே ஸ்டேஷனுக்கு நடந்து போனார். வழியில் இதைப் பற்றி மட்டும் அவனிடம் மூச்சு விடவில்லையாம்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். பயிற்சி தரும் வெள்ளைக்காரத் துரையைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். துணியைப் பிரித்தால், உள்ளே சட்டம் நெடுக விரிசல். ஆகாயத்தில் ஒரு திருப்பம் திரும்பியிருந்தால் இறக்கை மடிந்திருக்கும் என்றாராம் துரை. அதைச் சொன்ன கையோடு, இனி நீ இங்கே பறக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். விஷயம் தபால் கம்பெனிக்கும் போயிற்று. அந்த வேலையும் அதோடு சரி.

கீழ்வீட்டில் யாருக்கும் இது தெரியக் கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். தெரிந்தால் அந்தப் பிள்ளை இனிமேல் பயந்து பயந்துதான் பறப்பான் என்றார். விதியை மீறியதால் நீக்கிவிட்டார்கள் என்பதற்கு மேல் துரையும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அவன் அம்மாவிடம் என்ன சொன்னானோ தெரியாது. மாஷிமா தம் மனம்போல் ஒரு காரணம் கற்பித்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து அவன் பரீட்சையில் தேறிவிட்டான். மாஷிமா ஒரு தட்டு நிறையச் சந்தேஷ் என்கிற பால் இனிப்போடு மாடி ஏறி வந்தார். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. என் தோளைத் தொட்டு, வங்காள மொழியில் பரிவோடு சொன்னார்: "வருத்தப்படாதேம்மா. உன் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். என்ன, கொஞ்சம் பயந்த சுபாவம். எல்லாருக்கும் அந்தத் தைரியம் வராது."

உள்ளே இவர் இருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாய் வரைக்கும் வந்த வார்த்தையை இனிப்போடு சேர்த்து விழுங்கினேன்.

குமாஸ்தாவாகவே இருந்து குமாஸ்தாவாகவே கண்ணை மூடினார். மாஷிமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பிள்ளை பெண்டாட்டி, குழந்தைகளோடு சௌக்கியமாக இருக்கிறான். இன்றைக்கும் யாராவது ஒருவரைத் தைரியசாலி என்று என் எதிரில் புகழ்ந்தால், உண்ணாத சோற்றை விட்டு எழுந்து, ஒரு பிள்ளையின் உயிரையும் தன் அவமானத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்டேஷன் வரைக்கும் சாதாரணமாகப் பேசிக்கொண்டே நடந்த மனுஷனைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.