சினைப்பசு வரும் கடல்வழி

ஓசூர் பஸ் என்ஜின் கொதித்து மத்திகிரியில் நின்றுவிடுகிறது. குடிக்கத் தண்ணீர் கேட்டு அரசு கால்நடைப் பண்ணைக்குள் நுழைகிறேன். கொட்டகைச் சுவரில் யாரோ கரியால் ஆப்பிரிக்காவை வரைந்து, அதைச் சுற்றி ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள்.

"அது நம்ம பசு வர்ற வழிங்க," என்கிறார் மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் முனியப்பா. "சீமையில சினையா கப்பல் ஏறியிருக்குது. சண்டையில சூயஸ் கால்வாய மூடிட்டாங்களாம். ஆப்பிரிக்காவையே சுத்திக்கிட்டு வரணும்னு மாட்டு டாக்டர் வரைஞ்சு காட்டுனாரு."

"அப்ப கடல்லயே கன்னு போட்டுடாதா?" என்கிறேன்.

"போடட்டும்ங்க. ஒண்ணுக்கு ரெண்டா வந்து எறங்கட்டும்."

பசுவைக் கட்ட அடித்திருக்கும் முளையிலிருந்து கையால் அளந்து, கன்றுக்கு ஒரு சின்ன முளை அடிக்கிறார். யோசிக்கிறார். அதைப் பிடுங்கி இன்னும் ஒரு சாண் கிட்டே அடிக்கிறார்.

"தாய் நக்கறதுக்கு எட்டணும் பாருங்க. அம்மாந்தூரம் வந்துட்டு, இங்க எட்டலைன்னா எப்புடி?"