நிரந்தரமாகாத செண்டர் ஃபார்வர்டு

கால்பந்து ஆடுகிறவர்களுக்குக் காலில் வலி வரும். அவர்களை வேலைக்கு எடுத்து, நிறுத்தி, மறுபடி எடுக்கிற உத்தரவுகளை டைப் அடிக்கிறவர்களுக்கு விரல் நுனியில் வலி வரும். கம்பெனி டீம் உள்ள ஆபீசில் குப்பை கொட்டிய அத்தனை பேருக்கும் இந்த வலி தெரிந்திருக்கும்.

எழுபதுகளின் நடுவில், பி.ஏ. முடித்த கையோடு கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்புக் கம்பி இழுக்கும் தொழிற்சாலை ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சொந்த ஊர் திருவள்ளூர். பொன்னேரியில் அத்தை வீட்டில் தங்கி, பாசஞ்சர் ரயிலில் போய்வந்தேன். யாராவது பெயர் கேட்டால் மெஷினைப் பார்த்துப் பதில் சொல்கிற சுபாவம் எனக்கு. அப்படிப்பட்டவளைத் தொழிலாளர் நல அதிகாரியின் மேசைக்கு எதிரே உட்கார வைத்தார்கள். அந்த அதிகாரி ராகவன் சார்தான் கம்பெனி கால்பந்து டீமுக்கும் மானேஜர். அவர் பந்தை உதைத்து நான் பார்த்ததில்லை. பந்தைப் பற்றிப் பேசாமல் இருந்தும் பார்த்ததில்லை.

காலும் கையும்

அந்தக் காலத்தில் பந்து ஆடுவதற்கென்று யாரும் சம்பளம் தரமாட்டார்கள். கம்பெனி ஒரு வேலை தரும். பகலில் வேலை, சாயங்காலம் பயிற்சி, மேட்ச் நாளில் அரை நாள் லீவு. மதராஸ் லீகில் எங்கள் டீம் கடைசி இடத்துக்குச் சற்று மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி நிறுத்துவதற்காக ராகவன் சார் பொன்னேரி மைதானத்தில் கண்டுபிடித்துக் கூட்டிவந்தவர் முனிரத்தினம். ஆரம்பாக்கத்தில் நெல் பயிரிடும் குடும்பம். மைதானத்தில் செண்டர் ஃபார்வர்டு, எங்கள் காகிதத்தில் "தற்காலிக ஹெல்பர்".

முதல் நாளே கம்பிச் சுருளைத் தூக்கிவரச் சொன்னதற்கு, மனிதர் அதைக் காலால் தள்ளி உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சுருள் நேராகப் போய் ஃபோர்மேனின் டீ கிளாசைச் சாய்த்துவிட்டது. ஃபோர்மேன் எங்கள் அறைக்கு வந்து, கோபப்படாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: "சார், இவன் கால மட்டும் வாங்கினீங்களா, கையும் சேத்தா?"

பிரேக்

தொடர்ந்து வேலை கொடுத்தால் ஆளை நிரந்தரமாக்க வேண்டியிருக்கும். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை சில நாள் வீட்டுக்கு அனுப்பி, புது உத்தரவு கொடுத்து மறுபடி எடுப்பது எங்கள் வழக்கம். அதற்கு "பிரேக்" என்று பெயர். ஹெல்பருக்கு மட்டுமல்ல, எனக்கும் அதே கதிதான். என்னை வேலையிலிருந்து நிறுத்தும் உத்தரவை நானே டைப் அடித்து, பிழை பார்த்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். முனிரத்தினத்தின் பிரேக் மட்டும் மேட்ச் இல்லாத நாட்களாகப் பார்த்து வரும். அந்த அளவுக்குக் கம்பெனிக்குக் கால்பந்தில் அக்கறை இருந்தது.

அவருக்குச் சூளூர்ப்பேட்டையில் பெண் பேசி முடித்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா மட்டும், வேலை நிரந்தரமானால்தான் முகூர்த்தம் குறிப்பேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் புது உத்தரவைக் கையில் வாங்கியதும் முனிரத்தினம் ஜன்னல் பக்கம் போய், மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடுவார். பிறகு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "இன்னா மிஸ், இந்த தபாவும் அந்த வார்த்தைய அடிக்க மறந்துட்டீங்களா?"

முட்டை

ஆட்டக்காரர்களுக்குக் கேண்டீனில் தினம் பாலும் அவித்த முட்டையும் உண்டு. மற்றவர்களுக்கு அந்த முட்டையைப் பார்க்கும் உரிமை மட்டும். ஒருநாள் முனிரத்தினத்தின் முட்டையை, அவரோடு ஒரே மெஷினில் வேலை செய்யும் பெருமாள் தின்றுகொண்டிருப்பதை ராகவன் சார் பிடித்துவிட்டார். பெருமாளுக்கு நாற்பது வயதிருக்கும், தொப்பை வேறு. பந்தாடும் உடம்பில்லை என்பது பார்த்தவுடன் தெரியும்.

விசாரணை எங்கள் அறையில் நடந்தது. மேட்ச் நாளில் முனிரத்தினம் பாதி ஷிப்டில் கிளம்பிவிடுவார். அவர் பங்குச் சுருள்களையும் பெருமாள்தான் ஏற்றி இறக்க வேண்டும். ஃபோர்மேன் கணக்கில் ஒரு சுருள் குறையக் கூடாது. இதற்காக இரண்டு பேரும் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடுதான் முட்டை. பெருமாள் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவன் ஓடுறான், நான் மூச்சு வாங்குறேன் சார். முட்டையாவது எனக்கு வர்ட்டும்."

இல்லாத மச்சான்

ஒரு டீமிலிருந்து இன்னொரு டீமுக்குப் போக நினைப்பவர்கள், மதராஸில் கால்பந்துச் சங்க ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வருஷத்தில் அதற்கென்று சில நாட்கள்தான் உண்டு. அந்த நாட்களில் பெரிய டீம்களின் ஆட்கள் ஊர் ஊராக ஆட்டக்காரர்களைத் தேடி அலைவார்கள். ராகவன் சார் முன்னெச்சரிக்கையாக டீம் முழுவதையும் பழவேற்காட்டுக்கு அனுப்பிவிட்டார். பெயர் பயிற்சி முகாம். மூன்று வேளையும் மீன் குழம்பு என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இஸ்திரி மடிப்புக் கலையாத டெரிலின் சட்டையில் ஒருவர் என் மேசைக்கு வந்தார். முனிரத்தினத்தை உடனே பார்க்க வேண்டும், குடும்ப விஷயம் என்றார். நான் மெஷினைப் பார்த்தபடி, "நீங்க யாரு?" என்றேன். "தாய்மாமன்மா. அவனத் தூக்கி வளத்தவனே நான்தான்" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். மதராஸ் பேங்க் டீம் ஒன்றின் ஆள் அவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் கெட்ட நேரம், முனிரத்தினத்தின் அப்பா அன்றைக்கு ஆரம்பாக்கத்திலிருந்து வந்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகன் வேலை எப்போது நிரந்தரமாகும் என்று ராகவன் சாரிடம் கேட்பதற்காகக் காத்திருந்தவர். டெரிலின் சட்டையை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "எனக்கு இப்பிடி ஒரு மச்சான் கீறான்னு எம் பொஞ்சாதி இத்தினி வருசமா சொல்லவே இல்லியேம்மா."

தாய் மாதிரி

மச்சான் உறவு முறிந்தாலும் பேச்சு முறியவில்லை. இரண்டு பேரும் வெளியே போய் ஒன்றாக டீ குடித்தார்கள். பேங்க் டீமுக்கு வந்தால் சேரும் நாளிலிருந்தே நிரந்தர வேலை என்ற செய்தி அப்பா வழியாகப் பழவேற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் முனிரத்தினம் மீன் குழம்பை விட்டுவிட்டு எங்கள் அறையில் வந்து நின்றார்.

ராகவன் சார் அவரை உட்காரவைத்து விசுவாசத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். பொன்னேரி மைதானத்திலிருந்து கைப்பிடித்துக் கூட்டிவந்ததைச் சொன்னார். பூட்ஸ் வாங்கித் தந்ததைச் சொன்னார். கடைசியில், "இந்தக் கம்பெனி உனக்குத் தாய் மாதிரிடா" என்று முடித்தார். நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். முனிரத்தினம் துளிக்கூடக் கிண்டல் இல்லாமல் கேட்டார்: "தாயி நடுநடுவுல புள்ளைய ஊட்ட உட்டு அனுப்பிட்டு, மறுபடியும் புச்சா சேத்துக்குமா சார்?"

டாக்டர் சொன்னது

ராகவன் சாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் நேராக ஒர்க்ஸ் மானேஜர் அறைக்குப் போனார். உள்ளே சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்வை, கையில் அனுமதி. "நிரந்தரம்" என்ற சொல்லை முதல்முறையாக முனிரத்தினத்தின் பெயருக்குப் பக்கத்தில் அடித்தேன். கார்பன் நகலில் கூட அது பளிச்சென்று விழுந்திருந்தது. அன்றுதான் சங்க ஆபீசில் கையெழுத்துப் போடக் கடைசி நாள். நிரந்தரமாவதற்கு முன் மருத்துவச் சான்று வேண்டும் என்பது விதி. அது வெறும் சம்பிரதாயம் என்று எல்லோரும் நினைத்தோம்.

கம்பெனி டாக்டர் முனிரத்தினத்தின் வலது முட்டியை மடக்கினார், நீட்டினார், தட்டினார். போன சீசனில் எங்களுக்காக ஆடும்போது அடிபட்ட முட்டி அது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டு, வருஷக்கணக்கில் சுமை தூக்க இந்த முட்டி தாங்காது, தகுதியில்லை என்று எழுதிவிட்டார். ராகவன் சார் விடவில்லை. "டாக்டர், அவன்தான் எங்க செண்டர் ஃபார்வர்டு. அடுத்த சீசன் இவனை நம்பித்தான் இருக்கு" என்றார். டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "மேட்ச் தாராளமா ஆடட்டும். வேலைதான் செய்யக் கூடாது."

கோல்

முனிரத்தினம் மத்தியான ரயிலைப் பிடித்தார். மாலைக்குள் பேங்க் டீமுக்குக் கையெழுத்தாகிவிட்டது. பேங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அங்கே முட்டியை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. சூளூர்ப்பேட்டையில் தை மாதமே கல்யாணம் முடிந்தது. ராகவன் சார் போகவில்லை. ஆனால் மொய்க் கவரில் பெயர் எழுத மட்டும் என்னைத்தான் கூப்பிட்டார், கொஞ்சம் பெரிய எழுத்தாகவே எழுதச் சொன்னார்.

அடுத்த சீசனில் எங்கள் டீமுக்கும் பேங்க் டீமுக்கும் மதராஸில் மேட்ச். ஆதரவு கொடுக்க எங்களையெல்லாம் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முனிரத்தினம் வேறு நிறச் சட்டையில் மைதானத்துக்குள் வந்ததும் எங்கள் பக்கத்திலிருந்து, "துரோகி" என்று சிலர் கத்தினார்கள். அவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். எங்களுக்கு எப்படி ஆடுவாரோ அப்படியே அவர்களுக்கும் ஆடினார். இடைவேளைக்குப் பிறகு, உயரே வந்த பந்தைத் தலையால் முட்டி எங்கள் வலைக்குள் தள்ளினார்.

எங்கள் வரிசை முழுவதும் கப்சிப். நடுவில் ஒருவர் மட்டும் எழுந்து நின்று கை தட்டினார். பெருமாள்தான். ராகவன் சார் திரும்பிப் பார்த்து, "ஏன்யா, நீ எந்தக் கம்பெனி?" என்றார். பெருமாள் தட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: "கம்பெனி உங்குளுது சார். கோலு நம்ப பையனுது."

எங்கள் கம்பெனி எத்தனையோ பேரைத் தற்காலிகமாக எடுத்தது. அவர்களிடம் எதிர்பார்த்த விசுவாசம் மட்டும் முதல் நாளிலிருந்தே நிரந்தரம்.